வெள்ளைப் பொடியும் நீர்த்தெள்ளும்

1

ஒரு எண்ணோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். அந்த எண் 1.0.

இந்தியாவின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இல் ஆறாம் அட்டவணை என்று ஒன்று உண்டு. 1993-இல் சேர்த்தது. கழிவுநீரை ஆற்றிலோ குளத்திலோ விடும்போது அதில் எது எவ்வளவு இருக்கலாம் என்று சொல்லும் நீளமான பட்டியல். அதில் 'மொத்த எச்சக் குளோரின்' என்ற வரிக்கு நேராக, லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. கனடா 2012-இல் கொண்டுவந்த கழிவுநீர் விதிகளில் அதே வரிக்கு நேராக இருப்பது 0.02. இரண்டுமே வெளியேறும் நீரில் அளக்கிற எண்கள்தான். ஐம்பது மடங்கு வித்தியாசம்.

கனடாவின் நீர்த்தெள்ளுக்கும் நம்ம ஊர்க் கண்மாயில் இருக்கும் நீர்த்தெள்ளுக்கும் உடம்பு ஒரே மாதிரிதான். அங்கே சாகிற அளவில் இங்கேயும் சாகும். அப்படியிருக்க இந்த ஐம்பது மடங்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. ஆறு செத்துப்போச்சு என்று கவிதை எழுதுகிறோம், மணல் அள்ளினால் போராடுகிறோம், நுரை மிதந்தால் படம் எடுத்துப் போடுகிறோம். தெளிவாக, வாசனை இல்லாமல், பார்க்க நன்றாக வருகிற தண்ணீர் கொல்லும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

2

முதலில் சாகிறவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

நீர்த்தெள்ளு. பெயரைப் பார்த்து நாய்த்தெள்ளோடு சேர்த்துவிட வேண்டாம். நான் ராஜபாளையத்துக்காரன், நாய்த்தெள்ளு எனக்கு நன்றாகத் தெரியும். இது வேறு குடும்பம். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். அரை மில்லிமீட்டரிலிருந்து சில மில்லிமீட்டர் வரை இருக்கும். கண்ணாடி மாதிரி உடம்பு. சாதாரண நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பதை எண்ணலாம். டாஃப்னியா, மொய்னா, செரியோடாஃப்னியா என்று பல வகை. நம் வெயிலுக்கு மொய்னாதான் அதிகம். வண்ணமீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்குத் தீனியாகத் தொட்டியில் வளர்ப்பதும் இதைத்தான்.

இது செய்யும் வேலை தண்ணீரை வடிகட்டுவது. நாள் முழுக்கக் கால்களை அசைத்து நீரை உள்ளே இழுத்து, பாசித் துகளையும் பாக்டீரியாவையும் வடித்துத் தின்கிறது. இதை மீன் குஞ்சு தின்கிறது. மீன் குஞ்சைக் கொக்கு தின்கிறது. கண்மாயில் மீன் ஏலம் எடுக்கிறவர் கட்டும் பணத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சியின் உழைப்பு இருக்கிறது.

இன்னொரு சாமர்த்தியமும் அதற்கு உண்டு. காலம் நன்றாக இருந்தால் ஆண் துணையே இல்லாமல் குஞ்சு பொரித்துத் தள்ளும். காலம் கெட்டால், தண்ணீர் வற்றப் போகிறது என்று தெரிந்தால், தடித்த ஓடு போட்ட உறக்க முட்டை இடும். அந்த முட்டை காய்ந்த சேற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மறுபடி தண்ணீர் வந்ததும் பொரிக்கும். கண்மாய் என்ற அமைப்புக்கே அளவெடுத்துத் தைத்த உயிர் இது. சித்திரையில் வெடித்துக் கிடக்கும் சேறும், ஐப்பசியில் திடீரென்று நிரம்பும் தண்ணீரும் அதற்குப் பழக்கம்தான். சேற்றிலிருந்து அது எழுந்து வரும் அந்த முதல் வாரத்தில் வாறுகால் தண்ணீரோடு சேர்ந்து எது வருகிறது என்பதுதான் கேள்வி.

3

குளோரின் ஏன் இதைக் கொல்கிறது? நாமும் தினம் குளோரின் போட்ட தண்ணீரைத்தானே குடிக்கிறோம்?

நியாயமான கேள்வி. இந்தியக் குடிநீர்த் தரமே குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கட்டும் என்கிறது. நமக்கு அது தேவை. நாம் விழுங்குகிற தண்ணீர் எச்சிலையும் இரைப்பையில் கிடக்கும் சாப்பாட்டையும் சந்திக்கிறது. குளோரின் அவற்றோடு வினை புரிந்து அங்கேயே தீர்ந்துபோகும். மீனும் நீர்த்தெள்ளும் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும் உயிர்கள் கிடையாது, தண்ணீரையே மூச்சாக விடுபவை. மெல்லிய செவுள் சவ்வின் வழியே குளோரின் நேராக உள்ளே போகிறது. திசுவையும் இரத்தத்தையும் ஆக்ஸிஜனேற்றம் செய்து நாசமாக்குகிறது.

வண்ணமீன் கடை வைத்திருக்கும் எந்த அண்ணாச்சியிடமும் கேட்டுப் பாருங்கள். "குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்திராதீங்க தம்பி. ஒரு நாள் பிடிச்சு வைங்க. அவசரம்னா ரெண்டு சொட்டு ஹைப்போ விடுங்க" என்பார். ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேட். குளோரினை நொடியில் அடக்கிவிடும். சின்னப் புட்டியில் விற்கிறார்கள். நூறு ரூபாய் மீனுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை ஒரு கண்மாய்க்குக் கிடைக்கவில்லை.

கழிவுநீரில் நிலைமை இன்னும் மோசம். சாக்கடையில் அம்மோனியா நிறைய இருக்கும். நம் சிறுநீரிலிருந்து வருவதுதான். குளோரின் அதோடு சேர்ந்தால் குளோரமின் உண்டாகும். வெறும் குளோரின் வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். குளோரமின் அப்படி இல்லை, கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும், ஓடையோடு கீழே வரை போகும். கிருமியைக் கொல்வதில் அது குளோரினைவிட மந்தம். ஆனால் செவுளுள்ள உயிர்களைக் கொல்வதில் அப்படி ஒன்றும் மந்தம் இல்லை. சரியாகச் சுத்திகரிக்காத சாக்கடையில் குளோரினைக் கொட்டினால் கிருமிக்கு அரை வேலையும் நீர்த்தெள்ளுக்கு முழு வேலையும் நடக்கும்.

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1970களின் தொடக்கத்தில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. தேடிப் போனபோது கையில் சிக்கியது விஷ ஆலை எதுவும் இல்லை. கழிவுநீர் நிலையங்கள் நல்ல எண்ணத்தோடு போட்ட குளோரின்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1984-இல் ஒரு வரையறை வெளியிட்டது. நன்னீரில் மொத்த எச்சக் குளோரின் ஒரு மணி நேரச் சராசரியாக லிட்டருக்கு 19 மைக்ரோகிராமையும், நான்கு நாள் சராசரியாக 11 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். நம் 1.0-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

4

இங்கே ஒரு பொறியாளர் கையைத் தூக்குவார். "தம்பி, 11 மைக்ரோகிராம்கிறது ஆத்துக்குள்ள இருக்க வேண்டிய அளவு. நாங்க சொல்ற 1.0 குழாய் வாயில. ஆத்துத் தண்ணியில கலந்தா தானா நீர்த்துப்போகும்ல?"

சரி, கணக்குப் போடலாம். நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 1 மில்லிகிராம் எச்சக் குளோரினோடு வெளியே வருகிறது. அதாவது தினம் ஒரு கிலோ குளோரின். குளோரின் தானாகச் சிதைவதை விட்டுவிட்டுப் பார்த்தால், இதை 11 மைக்ரோகிராமுக்கு இறக்கத் தினமும் சுமார் 9 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். ரைன் நதிக்கரையில் இருந்தால் சரி என்று தலையாட்டலாம். நாம் இருப்பது வைப்பாற்று வடிநிலம். முடங்கியாற்றில் வருஷத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்று ராஜபாளையத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேற்கு மலையில் மழை பெய்தால் அய்யனார் கோயில் பக்கம் ஒரு வாரம் இரைச்சல், அப்புறம் மறுபடி மணலும் கல்லும். மீதி மாதங்களில் இந்த இரு ஊர்களின் ஓடைகளில் ஓடுவது எது? நம் வீட்டு வாறுகால் தண்ணீர் மட்டும்தான். எதோடு எது கலந்து நீர்க்கும்? சாக்கடையோடு சாக்கடை கலக்கும்.

அது கடைசியில் கண்மாயில் போய் நிற்கும். ஓடுகிற ஆற்றில் விஷம் கடந்து போகும். கண்மாயில் அது தங்கும், மறுநாள் மேலே இன்னும் கொஞ்சம் வரும். 'நீர்த்துப்போகும்' என்ற வாதம் வற்றாத ஆறுகள் உள்ள ஊரில் பிறந்த வாதம். அதை அப்படியே தூக்கி வந்து மானாவாரிச் சீமையில் வைத்திருக்கிறோம். கனடா எவ்வளவு தண்ணீர் உள்ள நாடு! அவர்களே ஆற்றை நம்பாமல் வெளியேறும் நீரிலேயே 0.02 என்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் நீரில் ஒரு கையளவும் இல்லாத நாம் 1.0 என்கிறோம்.

5

அடுத்தது இன்னும் வேடிக்கை. 2017 அக்டோபரில் மத்திய அரசு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கென்றே தனித் தரம் வெளியிட்டது. அதில் இருக்கும் வரிகள் கொஞ்சம்தான்: கார அமிலத் தன்மை, உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள், மலக்கோலிஃபார்ம். மலக்கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 1,000-க்குக் கீழே இருக்க வேண்டும். எச்சக் குளோரினுக்கு அந்தப் பட்டியலில் வரியே கிடையாது. 2015-இல் வெளியிட்ட வரைவில் அம்மோனியா இருந்தது, இறுதி ஆணையில் அதையும் எடுத்துவிட்டார்கள். 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தரத்தை இறுக்கச் சொன்னது. நைட்ரஜன் திரும்ப வந்தது, மலக்கோலிஃபார்ம் 230-க்குள் என்று இன்னும் கீழே இறங்கியது. நல்லதுதான். ஆனால் அந்த 230-ஐ எட்ட எவ்வளவு குளோரின் கொட்டலாம் என்பதற்கு மேல்வரம்பு எங்கே?

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் இந்த நோய்க்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஒரே ஒரு டெஸ்ட்டைக் காட்டி, இது பச்சை ஆனால் ரிலீஸ் என்று சொல்லிப் பாருங்கள். அந்த டெஸ்ட்டை மட்டும் பச்சையாக்கும் கோடு எப்படியாவது வந்துவிடும். எழுதுகிறவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அளக்கிற இடத்தில்தான் கவனம் போகும், அளக்காத இடத்தில் குப்பை சேரும்.

ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்க்கும் ஆபரேட்டர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒப்பந்தக்காரரிடம் மாதச் சம்பளம். காற்றூட்டும் மோட்டார் ஒன்று பழுது, கரண்ட் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து தொல்லை. தண்ணீர் சரியாகத் தெளியவில்லை. நாளை மாதிரி எடுக்க ஆள் வருகிறார்கள். கோலிஃபார்ம் கூடினால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம், இவருக்கு வேலை போகும். ஹைப்போகுளோரைட் வால்வை இன்னும் அரைச் சுற்றுத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும். திறந்ததற்கு யாரும் தண்டிக்கப் போவதில்லை. நானாக இருந்தாலும் திறப்பேன். நீங்களும் திறப்பீர்கள். அவரைக் குற்றம் சொல்லிக் கட்டுரை எழுதுவது சுலபம், அதனால் ஒரு நீர்த்தெள்ளும் பிழைக்காது. வால்வைத் திறக்கும் அந்தக் கை டெல்லியில் அச்சான ஒரு தாளுக்குக் கட்டுப்பட்டே அசைகிறது.

பழைய ஆறாம் அட்டவணையிலாவது ஒரு நல்ல வரி உண்டு: கழிவுநீரில் விட்ட மீன்களில் 90 சதவீதம் 96 மணி நேரம் கழித்தும் உயிரோடு இருக்க வேண்டும். உயிரை வைத்து நீரை அளக்கும் சோதனை. அதை நகராட்சிக் கழிவுநீர்ப் பட்டியலில் ஏன் விட்டுவிட்டார்கள்? மீனைவிட நீர்த்தெள்ளு இன்னும் கூர்மையான சாட்சி. உலகம் முழுக்க ஆய்வகங்களில் 48 மணி நேர டாஃப்னியா சோதனை அன்றாட வேலை. செலவு குறைவு, இடம் அதிகம் வேண்டாம், ஒரு கல்லூரி விலங்கியல் துறையே செய்துவிடலாம்.

6

சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுத் தெருவுக்கு வருவோம். ராஜபாளையத்தில் அம்ருத் திட்டத்தில் தெருத் தெருவாகத் தோண்டிப் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்த பிறகும், வாறுகால் என்ற சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது. வாறுகால் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பிளீச்சிங் பவுடர். அமைச்சர் வந்தால் கோடு. தேரோட்டம் என்றால் கோடு. டெங்கு என்று செய்தி வந்தால் ரெண்டு கோடு.

அந்தக் கோடு என்ன செய்கிறது? குளோரின் கிருமியைக் கொல்ல அது தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும், அழுக்கு குறைவாக இருக்க வேண்டும், சுமார் அரை மணி நேரம் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில், உச்சி வெயிலில், சாணமும் இலையும் கிடக்கும் இடத்தில் உலர்ந்த பொடியைத் தூவினால் மூன்றில் ஒன்றும் நடக்காது. மண்ணும் அழுக்குமே குளோரினைத் தின்றுவிடும். கொசுப் புழுவையும் அது ஒழிக்காது. மீதி இருப்பது மழை வந்தால் வாறுகாலில் இறங்கும், வாறுகால் ஓடையில் சேரும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் தெருத் தெருவாக ஹைப்போகுளோரைட் பீய்ச்சினோமே, அப்போது 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது: தெருவிலும் சந்தையிலும் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை, அழுக்கும் தூசியும் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். அதற்கு முன்பே, மார்ச் கடைசியில், உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களைத் தரையில் உட்கார வைத்து அவர்கள் மேலேயே பீய்ச்சினார்கள். திருப்பூர் சந்தையில் சுரங்கம் மாதிரி ஒன்று அமைத்து மனிதர்களை அதற்குள் நடக்க விட்டார்கள். தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை பிறகு அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

பலன் இல்லை என்று தெரிந்தும் ஏன் செய்கிறோம்? இங்கேதான் எனக்கு அறிவியலைவிடப் பண்பாட்டின் மேல் சந்தேகம் வருகிறது. இது தீட்டுக் கழிக்கிற சடங்கு. மஞ்சள் தண்ணீர் தெளித்த இடத்தில் இப்போது குளோரின் தண்ணீர். கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூக்குக்குத் தெரிய வேண்டும். நெடி அடித்தால் நகராட்சி வேலை செய்கிறது என்று நமக்கு நிம்மதி. அந்தப் பொடியைக் கையால் அள்ளித் தூவிக்கொண்டு போகும் தூய்மைப் பணியாளரின் நுரையீரல் பற்றி அந்த நிம்மதிக்குக் கவலை இல்லை. யார் அந்த வேலையைச் செய்கிறார்கள், எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? தீட்டை உண்டாக்குகிறவர் ஒருவர், கழிக்கிறவர் இன்னொருவர். வேதிப்பொருள் மாறியிருக்கிறது, ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

வெளுப்பு என்றால் என்னவென்று எங்கள் ஊருக்குத் தெரியாதா என்ன? பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். தறியிலிருந்து வரும் துணி பழுப்பாக இருக்கும், காயத்தில் வைக்கும் துணி வெள்ளையாக இருக்க வேண்டும். நடுவில் இருப்பது பிளீச்சிங் பட்டறை. என் மாமா ஒருவர் இளவயதில் அப்படியொரு பட்டறையில் இருந்தவர். "மாப்ளே, வெளுக்கிற சரக்குக்கு நூல் எது விரல் எதுன்னு தெரியாது" என்பார். ரெண்டே சொற்றொடரில் சொல்ல வேண்டுமானால் என் கட்டுரையும் அவ்வளவுதான். அதற்குக் கிருமி எது, நீர்த்தெள்ளு எது என்றும் தெரியாது.

7

இப்போது எதிர்ப்பக்கம். ஏனென்றால் இந்த மாதிரிக் கட்டுரையைப் படித்துவிட்டு "பாத்தீங்களா, கெமிக்கல் எல்லாமே விஷம், அந்தக் காலத்துல நம்ம தாத்தா ஊருணித் தண்ணிதான் குடிச்சாரு" என்று ஷேர் பண்ணக் காத்திருக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்தத் தாத்தாவின் ஊருணியில் நரம்புச் சிலந்தி இருந்தது. சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய ஓட்டுயிரி வழியாகத் தண்ணீரோடு உள்ளே போய், ஒரு வருஷம் கழித்துக் காலைப் பிளந்துகொண்டு முழ நீளத்துக்கு வெளியே வரும் புழு. இந்தியாவில் கடைசி நோயாளி பதிவானது 1996-இல். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்குச் சான்று கொடுத்தது. அந்த வெற்றியில் படிக்கிணறுகளை மாற்றியதற்கும், துணியில் வடித்துக் குடித்ததற்கும், நீரில் மருந்து போட்டு சைக்ளாப்ஸைக் கொன்றதற்கும் பங்கு உண்டு. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் குடிநீருக்கு இடைவிடாமல் குளோரின் போடத் தொடங்கிய பிறகு டைஃபாய்டும் காலராவும் பின்வாங்கிய கதையும் உண்மை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கட்டும். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடும் கூட்டத்துக்குக் குடிக்க வைக்கும் தொட்டியில் கண்டிப்பாக இருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது.

ஆனால் குடிநீரில் குளோரின் மிச்சம் இருப்பதற்குக் காரணம் உண்டு: தொட்டியிலிருந்து வீடு வரை குழாயில் கிருமி புகுந்தால் அது பார்த்துக்கொள்ளும். கழிவுநீர் வெளியே போய்விட்ட பிறகு அந்த மிச்சத்துக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. தொட்டிக்குள்ளேயே அது தன் வேலையை முடித்துவிட்டது. வாசலைத் தாண்டிய பிறகு அது செய்வது கொலை மட்டும்தான்.

அந்தக் கொலையில் நமக்கே நஷ்டம். சைக்ளாப்ஸின் உறவான மீசோசைக்ளாப்ஸ் டெங்குக் கொசுவின் இளம் புழுக்களைப் பிடித்துத் தின்னும். 1990களிலிருந்து வியட்நாம் கிராமங்களில் தண்ணீர்த் தொட்டிகளில் இதை விட்டு டெங்குக் கொசுவை விரட்டினார்கள். நீர்த்தெள்ளு போனால் பாசி பெருகும். பாசி பெருகி அழுகினால் ஆக்ஸிஜன் குறையும், மீன் சாகும். கொசுப் புழுவுக்கு அந்த அழுகல் தண்ணீர் பிரச்சினையே இல்லை, அது மேலே வந்து மூச்சு விட்டுக்கொள்ளும்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். தரை துடைக்கும் திரவங்கள் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இந்த வகையை நீர்வாழ் முதுகெலும்பற்ற உயிர்களுக்கு 'மிக அதிக நச்சு' என்று வகைப்படுத்துகிறது. டிரைக்ளோசன் என்ற கிருமிநாசினியைக் கைகழுவும் சோப்புகளில் சேர்க்க 2016-இல் அமெரிக்கா தடை போட்டது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட அது மேல் என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் டிரைக்ளோசன் இருப்பதைப் பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டார்கள். மூன்றில் அதிகம் தாமிரபரணியில். ராஜபாளையத்துக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருவது அந்தத் தாமிரபரணித் தண்ணீர்தான். கீழே விட்டது சுற்றிக்கொண்டு மேலே வருகிறது.

8

என்ன செய்யலாம்? கை பிசைய வேண்டிய அளவுக்குச் சிக்கலான காரியம் எதுவும் இதில் இல்லை.

ஒன்று: கழிவுநீருக்கான தரத்தில் எச்சக் குளோரினுக்கு வரி வேண்டும், எண் 0.02 பக்கம் இருக்க வேண்டும். கோலிஃபார்முக்குக் கீழ்நோக்கி ஒரு வரம்பு, குளோரினுக்கு ஒரு மேல்வரம்பு. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஆபரேட்டர் வால்வை நம்பாமல் சுத்திகரிப்பை நம்புவார்.

இரண்டு: குளோரின் போட்ட நீரை விடும் முன் அதை அடக்க வேண்டும். மீன் கடை அண்ணாச்சியின் ஹைப்போதான், கொஞ்சம் பெரிய அளவில். ஒரு கிலோ குளோரினை அடக்கச் சுமார் ஒன்றரைக் கிலோ சோடியம் பைசல்பைட் போதும். அளவு மீறினால் அது ஆக்ஸிஜனைக் குடிக்கும் என்பதால் மீட்டர் வேண்டும். ஆனால் இது ராக்கெட் விடுகிற வேலை இல்லை. கழிவுநீர் நன்றாகத் தெளிந்திருந்தால் குளோரினுக்குப் பதில் புற ஊதா விளக்கே போதும், மிச்சம் எதுவும் இருக்காது.

மூன்று: சின்ன ஊர்களுக்கு நிலம் இருந்தால் ஆழமில்லாத முதிர்வுக் குட்டைகள். வெயிலும் நாட்களும் சேர்ந்து கிருமியைக் கொல்லும். விருதுநகர் மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்? அந்தக் குட்டைகளில் பாக்டீரியாவைத் தின்று நமக்கு உதவுவதும் நீர்த்தெள்ளுதான். சம்பளம் கேட்காத அந்தத் தொழிலாளியைத்தான் இப்போது குளோரின் போட்டுக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

நான்கு: வாறுகால் ஓரத்து வெள்ளைக் கோட்டை நிறுத்த வேண்டும். அந்தப் பொடிக்கும் கூலிக்கும் ஆகும் செலவை வாறுகாலில் தேங்கிய மண்ணை இயந்திரம் வைத்து அள்ளவும், பணியாளர்களுக்குக் கையுறையும் முகமூடியும் வாங்கவும் கொடுங்கள். கொசு தேங்கிய தண்ணீரில் பெருகுகிறது, தண்ணீர் ஓடினால் பெருகாது.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மேற்கில் இருக்கும் காட்டை 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். சந்தோஷம். அதற்கு முன்பே சாம்பல் நிற அணிலுக்கு அங்கே சரணாலயம் இருந்தது. புலிக்கும் அணிலுக்கும் முகம் இருக்கிறது, போஸ்டரில் போடலாம். அதே மலையில் விழும் மழை கீழே இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் மாதிரி ஒரு கண்மாயை அடையும்போது, அங்கே பொரிக்கக் காத்திருக்கும் முட்டைகளுக்கு முகம் கிடையாது. அவற்றுக்காகப் பேச ஒரு எண் மட்டும்தான் இருக்க முடியும். அந்த எண்ணும் இப்போது தப்பாக இருக்கிறது.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். வெளியேறும் நீரில் மொத்த எச்சக் குளோரின் கடந்த பன்னிரண்டு மாதங்களில் எவ்வளவு? அதை அடக்க என்ன சேர்க்கிறீர்கள்? அந்த நீர் கடைசியில் எந்தக் கண்மாயில் போய் நிற்கிறது? முதல் கேள்விக்கு 'அளப்பதில்லை' என்று பதில் வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். இந்த வாதத்தில் நமக்கு முதலில் வேண்டிய ஆதாரம் அதுதான்.